மார்கழியில் ஒரு காதல் கதை

சென்ற மார்கழியில் ஒரு காரியமாகக் காரைக்குடிக்குப் போயிருந்தோம். போன காரியம் கைகூடவில்லை. ஆனால் அதைக் காட்டிலும் ரஸமான ஒரு விஷயம் கைக்குக் கிடைத்தது. அதை நேயர்களிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்க நமக்கு மனம் வரவில்லை.

நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். செட்டிநாட்டு வீடு என்றால் அதன் நீளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தெருவில் முகப்பில் நுழைந்தவன், வளவையும் இரண்டாங் கட்டையும் அடுப்படியையும் கடந்து அடுத்த தெருவில்தான் வெளியே வருவான். வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு அது. அன்று என்னவோ கல்யாண வீடு போலக் கலகலவென்றிருந்தது. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து குவிந்திருந்தார்கள். காரணம், பிள்ளையார் நோன்பு.

நகரத்தார் அல்லாத நேயர்களுக்காக இந்த நோன்பைப் பற்றி இரண்டு வார்த்தை. திருக்கார்த்திகைக்குப் பிறகு நாளுக்கு ஓர் இழையாகப் புது வேட்டியிலிருந்து நூல் எடுத்துச் சேர்த்து வருகிறார்கள். 21-ஆம் நாள் அந்த 21 இழைகளையும் திரித்து, வெல்லம் கலந்த மாவில் திரியாக வைத்து ஏற்றுகிறார்கள். வீட்டிலே பெரியவர் எடுத்துக் கொடுக்க, ஒவ்வொருவரும் சுடரோடு சேர்த்து அதை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு ‘இழை எடுத்துக்கொள்ளுதல்’ என்று பெயர். எங்கெங்கோ வியாபாரத்துக்குச் சிதறிப்போன குடும்பம் இந்த ஓர் இரவில் ஒன்று கூடுகிறது. வர முடியாதவர்கள் போன இடத்திலேயே கூடி இழை எடுத்துக்கொள்கிறார்கள். அநேகமாக இந்த நோன்பு டிசம்பர் மாதக் கடைசியை ஒட்டியே வரும். கிறிஸ்துமஸுக்கு முன்னோ பின்னோ சில நாள் வித்தியாசம் இருக்கும், அவ்வளவுதான்.

இந்த ஒற்றுமை அன்று வரையில் நமக்குத் தோன்றவில்லை. தோன்றும்படி செய்தது ஒரு புத்தகம்.

ஆயா கேட்ட கேள்வி

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பேத்தி ஒருத்தி வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு ஓர் ஆங்கில நாவல் படித்துக்கொண்டிருந்தாள். அட்டையிலே பனி மூடிய ஒரு சின்ன ஊர். விளக்குத் தோரணம் கட்டிய ஒரு ரொட்டிக் கடை. வாசலிலே கம்பளிச் சட்டை போட்ட ஒரு வாலிபனும் ஒரு யுவதியும். எண்பது பிராயத்தைத் தாண்டிய ஆயா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தார்.

“என்ன கதை ஆத்தா அது? எனக்குந்தான் சொல்லேன்” என்றார்.

பேத்தி சொன்னாள். பட்டணத்தில் பெரிய உத்தியோகம் பார்க்கும் ஒரு பெண், கிறிஸ்துமஸுக்காகச் சொந்த ஊருக்கு வருகிறாள். பாட்டியின் ரொட்டிக் கடை நொடித்துப் போகும் நிலைமையில் இருக்கிறது. அதை விலைக்கு வாங்க ஒருவன் வந்திருக்கிறான். இருவருக்கும் பார்த்த மாத்திரத்தில் சண்டை. பிறகு பனியில் வழி அடைபட்டு, ஒரே கூரையின் கீழ் ஓர் இரவு அடுப்பெரித்துக் காலம் கழிக்க நேருகிறது. சண்டை சிநேகமாகிறது. நடுவில் ஒரு தவறான எண்ணத்தால் மறுபடியும் பிரிகிறார்கள். கிறிஸ்துமஸ் இரவில் மணி அடிக்கும்போது எல்லாம் தெளிந்து, கடையும் பிழைத்து, கல்யாணமும் நிச்சயமாகிறது.

ஆயா முழுவதையும் சிரத்தையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

“எல்லாஞ் சரி ஆத்தா. ரெண்டு பேரும் ஒரே கோயிலா, வேற வேற கோயிலா?”

வளவு முழுவதும் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள். ஒரு கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். பங்காளிகளுக்குள் கல்யாணம் கூடாது என்பது பொதுவான விதி. ஆகவே ஆயாவின் கேள்வி சிரிப்புக்குரியதே அல்ல. கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் நடுவே நிற்கும் தடை என்ன என்பதுதானே எந்தக் காதல் கதைக்கும் உயிர்நாடி? அந்த உயிர்நாடியை ஆயா நேரே தொட்டுப் பார்த்துவிட்டார். இலக்கிய விமரிசகர் பலருக்கு இது கைவராத வித்தை.

நமது நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. 1939-இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் கம்பன் கழகம் கண்ட ஊர் காரைக்குடி. பாரதியார் 1919-இல் வந்து ஹிந்து மதாபிமான சங்கத்தாரின் உபசாரத்தை ஏற்ற ஊர். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நண்பருக்குக் கம்ப ராமாயணத்துக்குக் கீழே எதுவும் கண்ணில் படாது. “இதெல்லாம் மேல்நாட்டுக் குப்பை. ஒரு தடவை படித்தால் மறுதடவை எடைக்குப் போட வேண்டியது” என்றார்.

ஆயாவின் முகம் சட்டென்று வாடியது. “எங்க ஆத்தாளும் ஒரு பெட்டி நிறைய வச்சிருந்தாக. ‘ஜகன்மோகினி’ எல்லாம் நூல் போட்டுத் தைச்சு வச்சிருந்தாக. இந்த வீட்டுக்கு மராமத்துப் பார்த்தப்ப யாரோ எடைக்குத்தான் போட்டாக” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நண்பர் சொன்னது வாஸ்தவந்தானா? இலேசான காதல் கதை என்பது மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்குத்தானா? அதை எடைக்குப் போட்டால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லையா?

அவர்களுடைய கதை

முதலில் அவர்கள் பக்கத்தைப் பார்ப்போம். கிறிஸ்துமஸுக்கென்று கதைப் புத்தகம் வெளியிடும் வழக்கத்தை ஆங்கில நாட்டில் நிலைநிறுத்தியவர் சார்லஸ் டிக்கன்ஸ். அவருடைய ‘கிறிஸ்துமஸ் கீதம்’ என்னும் சிறு நூல் 1843 டிசம்பர் 19-இல் வெளிவந்தது. பண்டிகைக்கு முந்தின நாளைக்குள் முதற் பதிப்பின் 6,000 பிரதிகளும் செலவாகிவிட்டன. அதில் காதலைக் காட்டிலும் கருணையே பிரதானம். 1845-இல் அவர் எழுதிய ‘அடுப்பங்கரைப் பாச்சை’யில்தான் இன்றைய கிறிஸ்துமஸ் காதல் கதையின் முகஜாடை தெரிகிறது. ஒரு சின்ன வண்டிக்காரன் வீடு, ஒரு சந்தேகம், மாறுவேஷத்தில் திரும்பி வரும் காதலன், காதலிக்கு வேறு ஒருவனோடு நடக்க இருந்த கல்யாணம் கடைசி நிமிஷத்தில் மாறிப் போவது, முடிவில் எல்லாரும் கூடி ஆட்டமும் பாட்டும்.

பிறகு 1908-இல் லண்டனில் மில்ஸ் அண்ட் பூன் பிரசுராலயம் தோன்றியது. நாளடைவில் காதல் நாவல் என்றாலே அந்தப் பெயர் நினைவுக்கு வரும்படி ஆயிற்று. அமெரிக்காவிலோ வாழ்த்து அட்டை அச்சிடும் ஹால்மார்க் ஸ்தாபனத்தின் தொலைக்காட்சி, 2009 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸை எதிர்பார்த்து இம்மாதிரிக் கதைகளையே படங்களாகக் காட்டி வருகிறது. சின்ன ஊர், பண்டிகை, பிரிந்தவர் கூடுதல் ஆகிய மூன்றும் இருந்தால் ஜனங்கள் பார்க்கிறார்கள். முடிவு முன்கூட்டியே தெரியுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தெரியும் என்பதற்காகத்தான் ஐயா படிக்கிறார்கள்! திருக்கல்யாண உற்சவத்தில் மாப்பிள்ளை தாலி கட்டுவாரா மாட்டாரா என்ற சந்தேகத்தோடா நாம் கோயிலுக்குப் போகிறோம்?

நம்முடைய கதை

இனி நம் பக்கம். தமிழில் தோன்றிய முதல் நாவல் எது? ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சொல்வார்கள். 1879-இல் அச்சான அந்த நூலைப் பெயரளவில் அறிந்தவர் பலர், படித்தவர் சிலர். படித்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு வேடிக்கையான காதல் கதை என்று.

சத்தியபுரி என்ற சிற்றூர். அங்கே பிரதாப முதலியும் ஞானாம்பாளும் குழந்தைப் பருவம் முதல் கூடி வளர்ந்தவர்கள். பெண்ணுக்குப் புத்தி அதிகம். பிள்ளைக்கு விளையாட்டு அதிகம். கல்யாணம் கூடி வருகிற சமயத்தில் பெரியவர்களுக்குள் மனஸ்தாபம் வந்து தடைப்படுகிறது. எப்படியோ அந்தத் தடை நீங்கி இருவரும் மணந்துகொண்டால், பிறகு பிரிவு வருகிறது. கணவனைத் தேடிப் புறப்படும் ஞானாம்பாள் ஆண் வேஷம் பூண்டு, விக்கிரமபுரியில் அரசாட்சியே நடத்துகிறாள்! முடிவில் இருவரும் சேர்ந்து சுகமாக ஊர் திரும்புகிறார்கள். இடையிடையே விகடக் கதைகளுக்குக் குறைவில்லை. தமிழ் நாட்டு நியாய ஸ்தலங்களில் தமிழ் தெரிந்தவர்களே இங்கிலீஷில் வாதாடுவதை ஆசிரியர் ஒரு பிடி பிடிக்கிறார். தேசம் சுதந்திரம் அடைவதற்கு 68 வருஷங்களுக்கு முன்பே அச்சேறிய பரிகாசம் அது.

இதை எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826-இல் குளத்தூரில் பிறந்து, மாயூரத்தில் முன்சீபாக இருந்து, 1889-இல் காலமானவர். பிறப்பால் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். சர்வ சமயத்தாரும் பாடக்கூடிய சமரசக் கீர்த்தனைகளை இயற்றியவர். பெண் கல்விக்காக வாதாடியவர். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே இந்தக் கதையை எழுதுவதாக அவர் முன்னுரையில் சொல்லிக்கொண்டார். ஆகவே நேயர்களே, கிறிஸ்துமஸ் கொண்டாடிய ஒரு தமிழர் எழுதிய, சிற்றூரில் நடக்கும், சிரிப்பும் காதலும் கலந்த கதைதான் தமிழ் நாவலுக்குப் பிள்ளையார் சுழி. மேல்நாட்டிலிருந்து வந்தது நாவல் என்ற பாத்திரம்; அதில் வார்த்த பாயசம் நம்முடையது.

கிறிஸ்துமஸும் இந்த மண்ணுக்கு அந்நியமானது அல்ல. இதே சிவகங்கைச் சீமையில் இடைக்காட்டூரில் 1894-இல் எழுந்த திரு இருதய ஆலயத்தின் கூரிய கோபுரங்கள் வயல் வெளிகளுக்கு நடுவே இன்றும் நிற்கின்றன. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் சாதி மத பேதமில்லாமல் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

வேதநாயகம் பிள்ளைக்குப் பின் வந்தவர்களுக்கும் கணக்கில்லை. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ முதலியவற்றைக் கையில் எடுத்துவிட்டு அடுப்பிலே பாலைப் பொங்கவிட்ட ஸ்திரீகள் எத்தனை பேர்! ‘மேனகா’ 1935-இல் பேசும்படமாகவும் வந்தது. வை. மு. கோதைநாயகி அம்மாளின் கதையோ எல்லாவற்றிலும் விசேஷம். எழுதத் தெரியாத காலத்திலேயே கதை கட்டியவர் அவர். அவர் சொல்லச் சொல்ல ஒரு தோழி எழுதினாள். 1925-இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையைத் தாமே ஏற்று நடத்தத் தொடங்கினார். 115 நாவல்கள் எழுதினார். அதே அம்மாள்தான் கதர் உடுத்தி, மேடையேறிப் பேசி, 1930-களின் தொடக்கத்தில் மறியல் செய்து சிறைக்கும் போனார். காதல் கதை எழுதுகிறவர்களுக்குத் தேசத்தைப் பற்றிக் கவலை இல்லை என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு இந்த அம்மாளின் பெயரைச் சொன்னால் போதும்.

காரைக்குடியே இதற்கு இன்னொரு சாட்சி. 1947-ஆம் வருஷ ஆரம்பத்தில் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தை ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் இந்த ஊரில்தான் எடுத்தார். காதலும் குடும்பக் குழப்பமும் நிறைந்த கதை. அதற்குள்ளே பாரதியாரின் பாட்டுக்களை வைத்து, தேசம் முழுவதும் எதிர்பார்த்திருந்த விடுதலையைப் பாடச் செய்தார். இலேசான கதை கனமான பொருளையும் சுமக்கும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

கோட்டையூர்ப் பெட்டகம்

நிற்க. மறுநாள் காலையில் நண்பரை அழைத்துக்கொண்டு, காரைக்குடியை அடுத்த கோட்டையூர் வரையில் போனோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர் என்று நண்பர் பெருமையாகச் சொன்னார். “இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றோம்.

அந்த இன்னொருவர் ரோஜா முத்தையா செட்டியார். அவர் கோடீசுவரர் அல்ல. சென்னையில் விளம்பரப் பலகை எழுதி வந்த ஓவியர். மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. தமிழில் அச்சான எதையும் கண்டால் விடமாட்டார். பிற்பாடு கோட்டையூருக்கே திரும்பி வந்து, வீட்டிலேயே அத்தனையையும் அடுக்கி வைத்துக் காத்தார். பண்டைய இலக்கியமும் வைத்தியமும் மட்டும் அல்ல. நாவல்கள், வாரப் பத்திரிகைகள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸுகள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அங்கே குடியிருந்தன. எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று பார்த்துப் பொறுக்கியிருந்தால், அந்தச் சேகரம் நூற்றில் ஒன்றாகக் குறுகியிருக்கும். அப்படிப் பொறுக்காததுதான் அவருடைய பெருமை.

அவர் 1992-இல் காலமானார். அப்போது அவர் விட்டுச் சென்றவை ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். சிகாகோ சர்வகலாசாலை அந்தச் சேகரத்தை விலைக்கு வாங்கியது. “போயிற்று, இதுவும் கப்பலேறிவிட்டது” என்று நமக்கு அங்கலாய்ப்பு உண்டாவது சகஜம். ஆனால் அப்படி நடக்கவில்லை. நூல்கள் தமிழ் நாட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஏற்பாடாகி, 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. பழைய பக்கங்களை நுண்படச் சுருளிலும், பிறகு கணினியிலும் ஏற்றிக் காத்து வருகிறார்கள். உலகத்தின் பல திசைகளிலிருந்தும் வித்துவான்கள் வந்து படிக்கிறார்கள்.

அவர்கள் படிப்பது சங்க இலக்கியம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நூறு வருஷத்துக்கு முன் ஒரு தமிழ்ப் பெண் எதைக் கண்டு சிரித்தாள், எதைக் கண்டு பயந்தாள், எப்படிப்பட்ட புருஷன் வேண்டும் என்று மனத்துக்குள் நினைத்தாள் என்பதை எந்தக் கல்வெட்டிலும் பொறித்து வைக்கவில்லை. அவள் டைரி எழுதவில்லை, மேடை ஏறவில்லை. ஆனால் அவள் காலணாவும் அரையணாவும் சேர்த்து வாங்கிய நாவல் இருக்கிறது. அந்த நாவலில் எது அவளுக்கு இனித்ததோ அதுவே அவளுடைய ஆசை. மகா காவியங்கள் மனிதர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. இலேசான காதல் கதையோ, சாதாரண மனிதர்கள் எதை வெட்கப்படாமல் விரும்பினார்கள் என்று சொல்கிறது. முன்னதை ஆயிரம் பேர் காப்பாற்றுவார்கள். பின்னதைக் காப்பாற்ற ஒரு விளம்பரப் பலகை ஓவியர் தேவைப்பட்டார்.

நண்பர் வெகு நேரம் பேசவில்லை. திரும்பும் வழியில், “ஆத்தாவின் பெட்டியும் இங்கே வந்து சேர்ந்திருந்தால்...” என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

இரண்டு வேண்டுகோள்கள்

முதல் வேண்டுகோள் இல்லத்தரசிகளுக்கும் இல்லத்தரசர்களுக்கும். வீட்டை இடிக்கும்போதும் மராமத்துச் செய்யும்போதும் பரண் மேலிருக்கும் பெட்டியைத் திறந்து பாராமல் எடைக்குப் போடாதீர்கள். அட்டை கிழிந்த நாவலாயிருந்தாலும், பைண்டு செய்த தொடர்கதையாயிருந்தாலும், யாராவது ஒரு நூலகத்தாருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். எடைக்குப் போட்டால் கிடைப்பது சில்லறை. போவது உங்கள் பாட்டியின் மனசு.

இரண்டாவது வேண்டுகோள் இளம் எழுத்தாளர்களுக்கு. பனி பெய்யும் ஊரைத் தேடி நீங்கள் ஏன் அலைய வேண்டும்? பூட்டிய வீட்டைத் திறக்கப் பட்டணத்திலிருந்து வரும் ஒரு பெண். அந்த வீட்டின் தேக்குத் தூண்களை விலை பேச வந்திருக்கும் ஒரு வாலிபன். ஒன்பது கோயில் கணக்கைத் தலைகீழாக ஒப்பிக்கும் ஓர் ஆயா. 21 இழை சேர்வதற்குள் தீர வேண்டிய ஒரு சண்டை. மார்கழிக் குளிரும் வாசல் கோலமும் இருக்கவே இருக்கின்றன. ஒரு பிள்ளையார் நோன்புக் காதல் கதைக்கு வேறென்ன வேண்டும்? எழுதுங்கள், சிரிக்கச் சிரிக்க எழுதுங்கள், கடைசியில் கல்யாணம் செய்து வையுங்கள். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

நாம் விடைபெறும் சமயத்தில் பேத்தி தன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பனி ஊர் நாவலை ஆயாவின் கையில் கொடுத்து, “நீங்களே வச்சுக்கங்க ஆயா” என்றாள். ஆயாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனாலும் அதை வாங்கி, புடவைத் தலைப்பால் ஒரு முறை துடைத்து, இரும்புப் பெட்டிக்குள்ளே நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

பூட்டிவிட்டுப் பேத்தியைப் பார்த்துக் கேட்டார்: “அந்தப் பாட்டி ரொட்டிக் கடையைப் பேத்திக்கே எழுதி வச்சிட்டாகளா, இல்லையா? அதை நீ சொல்லவே இல்லையே ஆத்தா!”